சோளக்காட்டுல ஓடுற பிளேட்டு

ஏலே பேராண்டி, வா, உக்காரு. போன தடவ நீ குடுத்துட்டுப் போன பிளேட்டு நல்லா ஓடுது. டிவியில இல்ல, சோளக்காட்டுல. நடுவுல ஓட்டையும் போட்டே குடுத்திருந்தியா, நூலக் கோத்துக் கம்புல தொங்கவிடச் சுளுவாப் போச்சு. வெயில் பட்டா ஏழு கலர்ல மின்னுது. ஒரு குருவி கிட்ட வரலையே! உன் தங்கச்சி வளைகாப்பு முழுசையும் குருவிகளுக்குத்தான் காட்டிக்கிட்டு இருக்கோம். ஒண்ணுகூட கடைசி வரைக்கும் இருந்து பாக்கல. அதுகளக் குத்தம் சொல்ல முடியாது. நாங்களே இருந்து பாக்கலையே.

கோவிச்சுக்காத. இப்ப உங்கப்பனுக்குத் திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம் முடிஞ்சிருச்சு. சொந்தபந்தம் எல்லாத்துக்கும் போட்டோவும் பாட்டும் சேந்து ஓடுற மாதிரி ஒரு பிளேட்டு போட்டுக் குடுக்கப் போறேன்னு லேப்டாப்பத் தூக்கிட்டு வந்திருக்க. நல்ல காரியம். பிளேட்டு நொழைய வாயே இல்லாத லேப்டாப்பு அது. அதுக்குன்னு தனியா ஒரு டிவிடி ரைட்டர் வாங்கி, கன்னுக்குட்டியத் தாய்மாட்டோட கட்டுன மாதிரி வயரு போட்டுக் கட்டியிருக்க.

"இந்தக் காலத்துல எவன் தாத்தா டிஸ்க் பாக்குறான், வாட்ஸப்புல அனுப்பிட்டாப் போதாதா"ன்னு உன் பொண்டாட்டி கேக்குறா. அவ கேக்குறது நாயம்தான். ஆனா வாட்ஸப்புல வந்தது மறுநாள் விடியறதுக்குள்ள ரோசாப்பூப் போட்ட காலை வணக்கத்துக்கு அடியில போயிரும். போனுல எடம் பத்தலைன்னா மொதல்ல அழிக்கிறதும் அதத்தான். இந்தப் பிளேட்டு ஒரு தடவ எழுதுனா எழுதுனதுதான், கை தவறி அழிக்க முடியாது. மொய் நோட்டு மாதிரி. அதுவும் போக, நம்ம சனத்துக்குக் கையில ஒரு பொருள் விழணும். தேங்காப் பையில வெத்தல பாக்கோட வைக்கணும்னா வாட்ஸப்ப எப்படி மடிச்சு வைப்ப?

காட்டுக் கிழவனுக்கு இதுல என்ன தெரியும்னு முழிக்காத. நீ இன்னைக்கு ஸ்லைடு ஷோங்குற. நான் மீசை மொளைக்கும்போதே ஸ்லைடு போட்டவன். டூரிங் கொட்டகையில ஆப்பரேட்டருக்குக் கையாளா ரெண்டு வருசம் இருந்தேன். கொட்டகைக் குழாயில சீர்காழி கோவிந்தராஜன் குரல்ல பிள்ளையார் பாட்டு கேட்டாப் போதும், டிக்கெட் குடுக்கப் போறாங்கன்னு சனம் சாப்புட்ட கையக் கழுவாம ஓடிவரும். படத்துக்கு முன்னாடி கண்ணாடி ஸ்லைடு போடணும். பல்பொடி, பீடி, ஜவுளிக்கடை. அவசரச் சேதின்னா கண்ணாடிய வெளக்குப் புகையில காட்டிக் கரி படிய வச்சு, ஊசியால கீறி எழுதிப் போடுவோம். அந்தக் கார்பன் வெளக்கு சூட்டுல ரொம்ப நேரம் வச்சா கண்ணாடி வெடிக்கும். சீக்கிரம் எடுத்தா வெளம்பரம் குடுத்தவன் வெடிப்பான். ரெண்டுக்கும் நடுவுல கை நிக்கணும். பாட்டுப் பிளேட்டு ஒரு பக்கத்துக்கு மூணு நிமிசம், அதுக்குள்ள பன்னெண்டு ஸ்லைடு. இப்பச் சொல்லு, உன் தொழிலுக்கு நான் அண்ணனா தம்பியா?

சரி, மொதல் யோசனை சொல்றேன், கேட்டுக்க. ஒரு போட்டோவக்கூட விட்டுறாத. எத்தன இருக்கு? 1,260 ஆ? அத்தனையும் போடு. ஒரு போட்டோ 5 செகண்டு நிக்கும்னு வையி. 6,300 செகண்டு. அதாவது 1 மணி 45 நிமிசம். சினிமாவே தோத்துரும். சினிமாவுலயாவது இடைவேளை விட்டு முறுக்கு விப்பான். நீ அதுவும் குடுக்க மாட்ட. "டிவிடியில ரெண்டு மணி நேரம் வரைக்கும் பிடிக்கும் தாத்தா"ங்குற. பிளேட்டுல எடம் இருக்குடா ராசா. உக்காந்து பாக்குறவன் இடுப்புல எடம் இல்லையே.

அந்த 1,260ல என்ன இருக்குன்னு நானும் பாத்தேன். அப்பனும் ஆத்தாளும் கலசத் தண்ணி ஊத்திக்கிறது 84. அதுல 83லயும் உங்கப்பன் கண்ண மூடியிருக்கான். தலையில தண்ணி விழுந்தா எவன் கண்ணத் தொறப்பான்? எலயில வச்ச லட்டு மட்டும் 11. லட்டுக்கு என்ன அறுபது வயசா? உன் மச்சான் கூலிங்கிளாஸோட தூண்ல சாஞ்சு நிக்கிறது 37. அறுபதாம் கல்யாணம் அவனுக்குத்தான்னு பாக்குறவன் நெனச்சுக்குவான்.

உங்கப்பத்தா கீரை ஆயுறதப் பாத்திருக்கியா? முழுக் கட்டையும் பிரிச்சுப் போடுவா. பழுத்தது, பூச்சி அரிச்சது, முத்துன தண்டு எல்லாம் ஒதுங்கிரும். கடைசியில சட்டிக்குப் போறது ஒரு பிடி. கட்டோட சட்டியில போட்டா அதுக்குப் பேரு கீரை இல்ல, கழனித் தொட்டி. ஒரு பாட்டு நாலரை நிமிசம்னு வையி, 270 செகண்டு. அஞ்சஞ்சு செகண்டா வகுத்தா 54 படம். மூணு பாட்டுக்கு 162. பதிமூணரை நிமிசத்துல வேல முடிஞ்சிரும். காப்பி ஆறுறதுக்குள்ள பாத்து முடிச்சிட்டு, "இன்னொருக்காப் போடு"ம்பாங்க. அந்த ஒரு சொல்லுக்குத்தான் கொட்டகைக்காரன் உசுர விடுவான்.

"யாரையாவது விட்டுட்டா கோவிச்சுக்குவாங்களே"ங்குறியா? அதுக்கும் வழி இருக்கு. குடும்பத்துக்கு ஒரு கூட்டுப்படம் கட்டாயம் வையி. சம்பந்தகாரங்களுக்கு ரெண்டு வையி. மொய் அதிகமா வச்சவருக்கு நெருக்கத்துல ஒண்ணு வையி. இது சாப்ட்வேர்ல எந்த மூலையிலயும் எழுதியிருக்காது.

அடுத்தது, படம் மாறுற வித்தை. அதுல ஒரு நூறு தினுசு இருக்காமே? தாராளமா எல்லாத்தையும் போடு. வளைகாப்புல போட்டிருந்தியே, உன் பெரியத்தை மூஞ்சி எட்டாக் கிழிஞ்சு பறந்துச்சு. அவ இன்னும் என்கிட்ட முழுசாப் பேசல. மாமாவச் சக்கரமாச் சுத்தி மூலையில விட்ட. சின்னவனப் பெட்டியில அடைச்சு உருட்டுன. கடைசியில எல்லாரும் இதய வடிவத்துக்குள்ள சுருங்கி மறைஞ்சாங்க. கார்டியாலஜி வார்டு தோத்துச்சு. கடையில நூறு சாமான் இருந்தா நூறையும் கொழம்புல போடணும்னு சட்டமா? ஒரு படம் மங்க மங்க அடுத்தது தெளியணும். அந்த ஒரு மாத்தம் போதும். கொட்டகையில நான் இடது கையால ஒரு ஸ்லைட இழுப்பேன், வலது கையால அடுத்தத நொழைப்பேன். எவனும் என் கையப் பாக்கல, ஸ்லைடத்தான் பாத்தான்.

படம் தானா நகந்து கிட்ட வருதே, அது மட்டும் எனக்குப் பிடிச்சிருக்கு. அதுக்கு என்ன பேருன்னு உன் பொண்டாட்டி சொன்னா. அமெரிக்காவுல கென் பர்ன்ஸ்னு ஒருத்தராம். அவங்க நாட்டு உள்நாட்டுச் சண்டையப் பத்தி 1990ல அஞ்சு ராத்திரி டிவியில காட்டுனாராம். சண்டை நடந்தது 1861லருந்து 65 வரைக்கும். அப்ப சினிமா ஏது? இருந்ததெல்லாம் அசையாத போட்டோ. அந்தப் போட்டோ மேல கேமராவ மெதுவா நகத்தி, கூட்டத்துல தொடங்கி ஒரே ஒரு சிப்பாய் மூஞ்சியில கொண்டுபோய் நிறுத்துவாராம். ஆப்பிள் கம்பெனி அந்த வித்தைக்கு அவர் பேரையே வச்சிட்டான். நல்ல மனுசன். ஆனா நீ அத சாப்ட்வேர் கையில விட்டுட்ட. அதுக்கு மூஞ்சி எது, முதுகு எதுன்னு தெரியுமா? வளைகாப்புல மெதுமெதுவா நெருங்கி நெருங்கிப் போயி, உன் சித்தப்பன் தொப்புள்ல நின்னுச்சு. இன்னொண்ணு செவத்துல தொங்குன மளிகைக்கடைக் காலண்டர்ல நின்னுச்சு, தேதிகூடத் தெரிஞ்சுது. தொடக்கம் எது, முடிவு எதுன்னு ஒவ்வொரு படத்துக்கும் நீயே குறிச்சு வையி. சோம்பேறித்தனமா இருந்தா நகத்தாத, சும்மா நிக்க விடு. நிக்கிற படத்தப் பாத்து யாரும் செத்ததில்ல.

அளவுக்கு வா. உங்கம்மா ஒடிசலான பொம்பள. பழைய போட்டோவ அகல டிவிக்குன்னு இழுத்து விட்டியே, ஆட்டுரல் மாதிரி ஆயிட்டா. நாலுக்கு மூணுல எடுத்த படம் பதினாறுக்கு ஒம்பதுல நிக்கணும்னா ரெண்டு பக்கமும் கறுப்பு விட்டு நிறுத்து. வேட்டி பத்தலைன்னா துண்டு போட்டுக்கணும், வேட்டியக் கிழிய இழுக்கக் கூடாது. எழுத்த ஓரத்துல வைக்காத. பழைய டிவி நாலு ஓரத்தையும் கொஞ்சம் முழுங்கிரும். போன தடவ 'அன்புடன் வரவேற்கிறோம்'னு நீ எழுதுனது உங்க மாமா வீட்டு டிவியில 'புடன் வரவேற்கி'ன்னு வந்துச்சு. யாரு அந்தப் புடன்னு மாமா கேட்டாரு.

செவத்துல மாட்டியிருக்க படங்களையும் சேக்கணும்னு நெனச்சியே, அது நல்ல யோசனை. ஆனா கண்ணாடிச் சட்டத்தோட வச்சு பிளாஷ் அடிக்காத. தாத்தனுக்குத் தாத்தன் மூஞ்சியில வெள்ளை வெளேர்னு ஒரு சூரியன் உதிச்சிரும். பின்பக்க ஆணியப் பிடுங்கி, படத்த வெளிய எடுத்து ஸ்கேன் பண்ணு. அப்படியே எடுக்க வராம கண்ணாடியில ஒட்டியிருந்துச்சுன்னா பிய்க்காத. பிய்ச்சா மூஞ்சி கண்ணாடியில தங்கிரும், ஒடம்பு ஒன் கைக்கு வரும். கண்ணாடியோடவே ஸ்கேனர்ல கவுத்துரு.

பாட்டு விசயம். மெட்டு நல்லாருக்குன்னு எதையும் எடுத்துப் போட்டுறாத, சொல்லையும் காது குடுத்துக் கேளு. சோகப் பாட்டுக்கு மால மாத்துனவங்களையும் பாத்திருக்கேன், காதலி ஏமாத்திட்டாங்கிற பாட்டுக்குக் கால் கழுவி விட்டவங்களையும் பாத்திருக்கேன். படம் முடிஞ்ச எடத்துல பாட்ட வெட்டாத. பல்லவி பாதியில தொங்குனா, சோத்துல கை வச்சவன எந்திரின்னு சொன்ன மாதிரி இருக்கும். படத்தப் பாட்டுக்குத் தக்கனக் கூட்டிக் கொறைச்சுக்க. முடிவுல சத்தத்த மெதுவா அடக்கு. ஒரு பாட்டு கெணத்துக்குள்ளருந்து, அடுத்தது குழாய் ரேடியோவுலருந்துன்னு வந்தா, பாக்குறவன் ரிமோட்டக் கையவிட்டுக் கீழ வைக்கவே முடியாது. எல்லாத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டா. சினிமாப் பாட்டப் போட்டு வீட்டுக்குள்ள பாத்துக்கிட்டா அது நம்ம சந்தோசம். வெலைக்கு வித்தா பாட்டுக்காரன் வக்கீலோட வருவான்.

சரி, எதுல செய்யப் போற? டவுன் ஸ்டுடியோக்காரத் தம்பி ப்ரோஷோ ப்ரோஷோன்னு சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்தான். அத விட்ட கம்பெனி 2020 தொடக்கத்துலயே கடையச் சாத்திட்டான். மைக்ரோசாப்ட்காரன் இலவசமாக் குடுத்த மூவி மேக்கருக்கு 2017ல பூட்டுப் போட்டான். இப்ப நீ டிவிடிஸ்டைலர்னு ஒண்ணு இலவசமா எறக்கியிருக்க. அது போட்டோவ அடுக்கி, பாட்டச் சேத்து, பிளேட்டுலயும் எழுதிரும். அதுல ஒரு கேள்வி கேக்கும். பாலா, என்டிஎஸ்சியான்னு. நம்ம ஊருக்குப் பால்தான். குடிக்கிற பால் இல்ல, டிவிப் பால். அமெரிக்காவுல இருக்க உங்கத்தைக்கு அனுப்புறது மட்டும் என்டிஎஸ்சியில போடு. அங்க நம்ம பால் திரிஞ்சு போகும்.

எழுதுற வேலைக்கு வந்துட்டோம். முன்னாடி நீரோன்னு ஒரு சாப்ட்வேர் இருந்துச்சு. ரோமாபுரி எரியும்போது பிடில் வாசிச்சான்னு கதை சொல்வாங்களே, அந்த ராசா பேரு. அதோட சின்னத்துலயே ஒரு மண்டபம் எரியும். பேரு வச்சவன் வெவரக்காரன். இந்தப் பிளேட்டுக்குள்ள ஒரு சாயம் இருக்கு. லேசர் ஒளி அந்தச் சாயத்தச் சுட்டுச் சுட்டுத்தான் எழுதுது. சுடுறதுன்னு வந்துட்டா அவசரம் ஆகாது. 16 வேகம்னு பிளேட்டுல போட்டிருக்குன்னு 16லயே வெரட்டாத. பாதி வேகத்துல நிதானமா விடு. எழுதி முடிச்சதும் ஃபைனலைஸ் பண்ணு. அது இல்லைன்னா உன் ரைட்டர்ல ஓடும், மாமா வீட்டு பிளேயர்ல முழிக்கும். 60 பிளேட்ட எழுதிட்டு ஒண்ணப் போட்டுப் பாக்காத. ஒண்ண எழுதி, அடுத்த வீட்டுப் பழைய பிளேயர்ல ஓடுதான்னு பாத்துட்டு 60 எழுது. சாம்பாருக்கு உப்புப் பாக்குறது பந்திக்கு முன்னாலயா பின்னாலயா?

இதச் சொல்லும்போது ஒரு கூத்து ஞாபகம் வருது. நம்ம பங்காளி வீட்டுக் கல்யாணத்துல ஒருத்தன் இப்படித்தான் ராத்திரி பகலா உக்காந்து செஞ்சான். வெளியூர்ல இருந்தவனுக்குப் பிளேட்டும் போச்சு. போட்டுத் தொறந்தா எல்லாப் படத்துக்கும் பதிலாச் செவப்புல பெருக்கல் குறி. ஒரு மூஞ்சிகூட இல்ல. என்னன்னு பாத்தா, இவன் எழுதுனது சாப்ட்வேரோட புராஜெக்ட் பைலாம். அதுல போட்டோ இருக்காது. போட்டோ எந்த எடத்துல இருக்குங்கிற முகவரிதான் இருக்கும். போட்டோ எல்லாம் இவன் கம்ப்யூட்டர்ல சொகமாத் தூங்குது. ரேசன் கார்டக் குடுத்தனுப்பிட்டு, "அரிசி எப்படி, வெந்துச்சா?"ன்னு கேட்ட கதை. பிளேட்டுக்குள்ள வீடியோ டிஎஸ்னு ஒரு போல்டர் இருக்கணும். அது இருந்தாத்தான் பிளேயர் பாடும்.

இன்னொண்ணு. உன் கேமராவுல ஒரு படத்துக்கு 1 கோடியே 20 லட்சம் புள்ளின்னு பீத்திக்கிட்ட. அதையே டிவிடிப் படமா மாத்துனா 720க்கு 576தான். பெருக்கிப் பாத்தா 4 லட்சத்துச் சொச்சம். முப்பது மூட்டையில ஒரு மூட்டைதான் வீடு வந்து சேருது. பதிமூணரை நிமிசப் படத்துக்குப் பிளேட்டுல கால்வாசிகூட ஆகாது. மிச்ச எடத்துல, பொறுக்குன 162 போட்டோவையும் எடுத்தது எடுத்தபடி தனிப் போல்டர்ல போட்டு வையி. நாளைக்கு எவனாவது பெருசாப் பிரிண்டு போடணும்னா அந்தப் போல்டர்தான் காப்பாத்தும்.

மேல பேரெழுதுறேன்னு பால்பாயிண்டு பேனாவால கீறாத. பிளேட்டுக்குன்னு மார்க்கர் விக்கிது. காகித ஸ்டிக்கரும் ஒட்டாத, சுத்தும்போது ஒரு பக்கம் கனத்து ஆடும், ஓரம் கெளம்பி உள்ளயே சிக்கும். வெயில்ல வைக்காத. வெயில்ல வைக்கிறதுக்குன்னு என்கிட்ட வேற பிளேட்டு இருக்கு.

இவ்வளவு நேரம் நக்கலா ஒரு பக்கம் பேசிட்டேன். ஒண்ணு மட்டும் நக்கல் இல்லாமச் சொல்றேன். அந்த டிரங்குப் பெட்டியில உங்கப்பன் மொட்டை போட்டப்ப எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒண்ணு இருக்கு. திருப்பிப் பாரு. பின்னால கரிக்கோல்ல ஏழு பேரு எழுதியிருக்கு. அதுல நாலு அழிஞ்சு போச்சு. ஸ்கேனர் முன்பக்கத்தத்தான் தின்னும், பின்பக்கத்தத் தொடாது. அந்த நாலு பேரு யாருன்னு எனக்கும் உங்கப்பத்தாளுக்கும்தான் தெரியும். எங்களுக்குப் பெறகு அது யாரோ நாலு பேரு. நாளைக்குச் சாயங்காலம் அவ வெத்தல போட்டு முடிச்சதும் போனக் கிட்ட வச்சுப் பேசவிடு. "இவ என் நாத்தனா, கெணத்துல விழுந்த குடத்த எடுக்கத் தானும் எறங்குனவ"ன்னு அவ சொல்லுவா. அந்தப் படத்துக்குப் பாட்டு வேண்டாம், நிறுத்திரு. அவ கொரல் மட்டும் ஓடட்டும். இருமுனாலும் வெட்டாத. அஞ்சு செகண்டுக் கணக்கும் அங்க செல்லாது, அவ பேசி முடிக்கிற வரைக்கும் படம் நிக்கட்டும்.

சரி, வெயில் எறங்குது, காட்டுப் பக்கம் போகணும். இந்த வருசம் கருது நல்லாப் பிடிச்சிருக்கு, குருவி சாஸ்தி. இன்னும் நாலு பிளேட்டு தேவைப்படுது. நீ போடப்போறது டிவியில ஓடுறதா, காட்டுல ஓடுறதாங்கிறது உன் கையிலதான் இருக்கு. எது வந்தாலும் எனக்கு நட்டமில்ல.